மரத்துக்கும் மூத்தது சுறா, தெரியுமா?

பூமியில் முதல் காடு எழுவதற்கு முன்பே சுறாக் குலத்தின் மூதாதைகள் கடலில் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தன, தெரியுமா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி இருக்கிறது. உலகின் மிகப் பழைய காடுகளில் ஒன்றின் வேர்த்தடங்கள் அங்கே பாறையில் பதிந்து கிடக்கின்றன. வயது சுமார் 38.5 கோடி ஆண்டு! அடேயப்பா என்று வாயைப் பிளப்பதற்குள் சீனாவுக்கு வாருங்கள். குய்ச்சோ மாகாணத்துப் பாறையிலிருந்து துளித்துளியாகப் பிரித்தெடுத்த கியானோடஸ் என்ற உயிரியின் பற்களைப் பற்றி 2022-ல் அறிவித்தார்கள். அவற்றின் வயது 43.9 கோடி ஆண்டு. சுறாக்களின் ஆதிச் சொந்தம் அது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இதுவரை கிடைத்த பற்களிலேயே மூத்தவை அவைதாம். டைனோசர்களெல்லாம் இந்தக் கணக்கில் நேற்று வந்தவை. அவை தலைகாட்டி ஏறத்தாழ 23 கோடி ஆண்டுதான் ஆகிறது.

இவ்வளவு நீண்ட கதையை எதை வைத்துப் படித்தார்கள் என்பது இதைவிடப் பெரிய ஆச்சரியம். சுறாப்புட்டு செய்யும் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், சுறாவில் முள் பொறுக்கும் வேலையே கிடையாது. உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருப்பது அதுதான். செத்த சுறா கடலடியில் போய்ப் படுத்தால் அது அழுகிக் கரைந்துவிடும். கல்லாக மாறி நமக்கு வந்து சேரப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது, பல்லைத் தவிர!

அந்தப் பல் சாதாரணப் பல் அல்ல. தாடைக்குள் வரிசை வரிசையாகப் புதுப் பற்கள் காத்திருக்கும். முன்வரிசை உதிர உதிரப் பின்வரிசை நகர்ந்து வந்து இடத்தைப் பிடிக்கும். ஒரே சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. நாம் பற்பசையில் தேடுகிற ஃப்ளூரைடு சுறாப் பல்லின் மேற்பூச்சில் பிறவியிலேயே கலந்திருக்கிறது. அதனால்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் முனை மழுங்காமல் வெளியே வருகிறது.

இன்னொன்று கேளுங்கள். சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலக் கையை அறுக்கும். காரணம் தெரியுமா? அந்தத் தோலில் இருக்கும் ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிப் பல்! உள்ளே கூழ், அதன்மேல் பல்திசு, வெளியே பளபளப்பான பூச்சு என்று வாயிலிருக்கும் பல்லின் அமைப்பு அப்படியே அங்கும் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பல்லைப் போர்த்திக்கொண்டு நீந்தும் பிராணி அது.

நிலவியல் என்ற அறிவுத்துறை காலூன்றியதில் ஒரு சுறாத் தலைக்குப் பங்குண்டு, தெரியுமா?

பழைய ஐரோப்பாவில் பாறைகளுக்குள் முக்கோண வடிவில் பளபளக்கும் கற்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நாக்குக் கல் என்று பெயர். நிலவு மறையும் வேளையில் வானத்திலிருந்து விழுபவை என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்தார். மால்டா தீவில் வேறு கதை. புனித பவுலைப் பாம்பு தீண்டியது, அவர் தீவின் பாம்புகளைச் சபித்தார், அவற்றின் நாக்குகள்தாம் கல்லாகிக் கிடக்கின்றன என்றார்கள். விஷத்தை முறிக்கும் என்று நம்பிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். விஷம் வைத்துக் கொல்லப்படுவோமோ என்ற பயத்தில் வாழ்ந்த பிரபுக்கள் விருந்து மேசையிலேயே அவற்றை வைத்திருந்தார்கள்.

1666 அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே மீனவர்கள் ஒரு ராட்சதச் சுறாவைப் பிடித்தார்கள். தஸ்கனியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்டோ மெடிச்சி, அதன் தலையை ஃபுளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் சொன்னார். அறுத்துப் பார்க்கும் பொறுப்பு அங்கிருந்த டென்மார்க் மருத்துவர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் வந்தது. அவருக்கு அப்போது 28 வயது. வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே வரிசை வரிசையாக நாக்குக் கற்கள்! அவை பற்களே என்று இத்தாலியின் ஃபேபியோ கொலோன்னா 1616-லேயே எழுதியிருந்தார், ஊர் கேட்கவில்லை. ஸ்டெனோ 1667-ல் தன் ஆய்வை வெளியிட்டார். அதோடு நின்றிருந்தால் அவரை இன்று மருத்துவ வரலாறு மட்டுமே நினைவில் வைத்திருக்கும். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். கடல் பிராணியின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது?

ஒரு காலத்தில் அந்தப் பாறை சேறாக இருந்திருக்க வேண்டும். சேறு படியப் படிய அடுக்காகியிருக்க வேண்டும். அப்படியென்றால் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது! 1669-ல் இதை அவர் புத்தகமாக்கினார். இன்று உலகத்தில் எந்த மூலையில் எந்த மாணவர் பாறை அடுக்கைப் பார்த்து வயதைச் சொன்னாலும் இந்த விதியிலிருந்துதான் தொடங்குகிறார். அறிவியல் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த திருப்பம் இல்லை. ஒரு பல்லை ஒழுங்காகப் பார்த்ததில் பூமிக்கே வயது பார்க்கும் வழி பிறந்தது.

பல்லைப் பார்த்து மயங்கியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். எருசலேமின் தாவீது நகரம் எனப்படும் பகுதியில், ஏறத்தாழ 2,900 ஆண்டுகளுக்கு முன் கொட்டப்பட்ட மண்ணிலும் கழிவிலும் 29 சுறாப் பற்கள் கிடைத்தன. யாரோ மீன் தின்று போட்ட மிச்சம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். சோதித்துப் பார்த்தால் அவை 8 கோடி ஆண்டுக்கு முந்திய புதைபடிவங்கள்! அந்த வட்டாரத்துப் பாறையைச் சேர்ந்தவைகூட அல்ல, குறைந்தது 80 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். சாலமோன் காலத்துக்குச் சற்றுப் பிந்திய அந்நகரில் யாரோ ஒருவர் அழகான பழம்பற்களைச் சேர்த்து வைத்திருந்தார் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

வாய்க்குள் சுருள் வாளை வைத்திருந்த மீன் எது?

அதன் பெயர் ஹெலிகோபிரியான். 1899-ல் ருஷ்ய அறிஞர் அலெக்சாந்தர் கார்ப்பின்ஸ்கி உரால் பகுதியில் கிடைத்த ஒரு படிவத்தை விவரித்தார். நத்தை ஓட்டின் சுழல் வடிவில், வெளிவிளிம்பெங்கும் கூரிய பற்கள்! வட்ட ரம்பம் ஒன்று பாறைக்குள் புதைந்து கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உடம்பு இல்லை, தலை இல்லை, தாடை இல்லை. எல்லாம் கரைந்துவிட்டன. இந்தச் சுருளை எங்கே பொருத்துவது? மூக்கின்மேல் சுருண்டிருக்கும் என்றார்கள். முதுகுத் துடுப்பில் என்றார்கள். வாலில் என்றார்கள். தொண்டைக்குள் என்றார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் இந்தச் சண்டை நடந்தது!

விடை இருந்த இடம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம். அங்கே பாஸ்பேட் சுரங்கங்களில் இந்தச் சுருள்கள் அடிக்கடி கிடைக்கும். 1950-ல் கிடைத்த ஒன்றில் சுருளைச் சுற்றிக் கொஞ்சம் குருத்தெலும்பும் கல்லுக்குள் மறைந்திருந்தது. 2013-ல் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லீஃப் டாப்பனிலாவும் குழுவினரும் அந்தக் கல்லை உடைக்காமலேயே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். 117 பற்கள் கொண்ட அந்தச் சுருள் கீழ்த்தாடையின் நட்டநடுவில் தாடை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. மேல்தாடையில் பல்லே இல்லை. பழைய பல் எதுவும் உதிரவும் இல்லை. புதுப் பல் முளைக்க முளைக்க, குட்டிப் பருவத்துப் பற்கள் சுருண்டு சுருண்டு உள்ளே போய்விடும். சுருளின் மையத்தில் இருப்பது அந்த மீனின் பாலப் பருவம்! வாயை மூடும்போது ரம்பம் பின்னோக்கிச் சுழன்று, கணவாய் போன்ற மெத்தென்ற இரையை அறுத்துக்கொண்டே தொண்டைப் பக்கம் தள்ளியிருக்கும். இன்னொரு உண்மையும் அதே ஸ்கேனில் வெளிவந்தது. இது நேரான சுறா அல்ல, சுறாவின் ஒன்றுவிட்ட உறவான கிமேரா மீன்களின் பக்கத்தைச் சேர்ந்தது.

சுறா மாறாத பிராணி, ஆதியிலிருந்து ஒரே அச்சு என்று சொல்பவர்கள் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். கிளாஸ்கோ நகர ஓரத்தில் பேர்ஸ்டன் என்ற குடியிருப்புப் பகுதி. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டான் வுட் என்ற புதைபடிவ வேட்டைக்காரர் அங்கே ஒரு ஓடைக்கரையில் கண்டெடுத்த சுறாவுக்கு முதுகின்மேல் கொல்லர் பட்டடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் உறுப்பு! அதன் தட்டையான மேற்பரப்பு முழுக்கப் பல் போன்ற முட்கள். 33 கோடி ஆண்டு ஆகியும் எதற்காக அது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் இன்னும் ஒருபடி மேல். அங்குள்ள பேர் கல்ச் சுண்ணாம்புப் பாறையில் சுமார் 32 கோடி ஆண்டு வயதுள்ள ஃபால்கேட்டஸ் என்ற சின்னஞ்சிறு சுறா ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரு அடி நீளம்கூட இருக்காது. ஆணுக்கு மட்டும் தோளிலிருந்து தலைக்கு மேலே முன்னோக்கி வளைந்த ஒரு கொம்பு. ஒரு பலகைக் கல்லில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே படிந்திருக்கின்றன, பெண் ஆணின் கொம்பை வாயால் பற்றியபடி! காதலின் நடுவே இரண்டும் ஒன்றாக மாண்டுபோயின என்றே அதைப் படிக்கிறார்கள்.

ஆற்றிலும் ஏரியிலும் சுறா ஆண்ட காலம் உண்டு, தெரியுமா? ஜெர்மனியின் சார்லாந்து பகுதியில் லேபாக் என்ற இடத்தில் சுமார் 29 கோடி ஆண்டுக்கு முன் ஒரு நன்னீர் ஏரி இருந்தது. அங்கே கிடைத்த ஒரு சிறு சுறாவின் வயிற்றுக்குள் இரண்டு நீர்நில வாழ்வன. அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு குட்டி மீன்! மீனைத் தின்றது ஒன்று, அதைத் தின்றது சுறா, சுறாவைத் தின்றது காலம். மூன்று படி உணவுச் சங்கிலி ஒரே கல்லில். 2008-ல் இது வெளியானபோது தொல்லுயிரியல் உலகமே வியந்தது நியாயம்தான்.

கடலே இல்லாத கென்டக்கி மாநிலத்தில், உலகின் மிக நீளமான குகையான மாமத் குகையின் சுவரிலும் கூரையிலும் சுறாப் பற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. குகையைக் குடைந்த நீர், 33 கோடி ஆண்டுக்கு முந்திய கடலடிச் சுண்ணாம்பைத்தான் கரைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் தவழ்ந்து போய் அண்ணாந்து பார்த்துச் சுறா படிக்கிறார்கள்!

வானத்தில் பறந்ததையும் சுறா கடித்தது. அமெரிக்காவின் கான்சஸ் சுண்ணக்கல்லில் கிடைத்த டெரனோடான் என்ற பறக்கும் ஊர்வனவின் கழுத்தெலும்பில் கிரெட்டாக்சிரைனா சுறாவின் பல் ஒன்று சிக்கியிருக்கிறது. 1960-களில் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்ததை 2018-ல்தான் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். பறந்ததைத் தாவிப் பிடித்ததா, நீரில் மிதந்ததைக் கவ்வியதா என்பது பல்லுக்குத்தான் வெளிச்சம்.

வடதுருவத்துக்கும் பல் சாட்சி. கனடாவின் பேங்க்ஸ் தீவில், இன்று பனி உறைந்த நிலத்தில், கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்திய ஈயோசீன் காலத்து மணற்சுறாக்களின் பற்கள் குவியலாகக் கிடைக்கின்றன. பல்லில் அடைபட்ட ஆக்சிஜன் அணுக்களில் கனமானவையும் இலேசானவையும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தார்கள். அந்தச் சுறாக்கள் நீந்திய ஆர்க்டிக் கடல் உப்புக் குறைந்து, ஏறக்குறைய கழிமுகத் தண்ணீராக இருந்திருக்கிறது! மறைந்துபோன ஒரு கடலின் சுவையை ஒரு பல் சொல்கிறது.

குருத்தெலும்பு என்றால் வளர்ச்சி குன்றியது, எலும்பு வருவதற்கு முந்திய பழைய ஏற்பாடு என்றுதான் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். 2020-ல் மங்கோலியாவிலிருந்து ஒரு மண்டை வந்து அதைக் கலங்கடித்தது. மின்ஜினியா என்ற 41 கோடி ஆண்டு வயதுள்ள மீன் அது. சுறாக்களும் எலும்பு மீன்களும் கிளை பிரிவதற்கு முந்திய பரம்பரையைச் சேர்ந்தது. அதன் மண்டைக்குள் எலும்பு இருந்தது! அப்படியானால் சுறாவின் முன்னோருக்கும் எலும்பு இருந்திருக்கலாம். பிற்பாடு சுறா அதை உதறிவிட்டது. எடை குறைந்தது, நீச்சல் எளிதானது. ஆதிப் பிராணி என்று நாம் தாழ்த்தி வைத்தது உண்மையில் புதுமை செய்த பிராணி. பள்ளிப் புத்தகங்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இனி, எல்லாரும் காத்திருக்கும் ராட்சதச் சுறா, மெகலோடான்!

உள்ளங்கையை முழுவதும் மூடும் பல். சில பற்கள் 18 சென்டிமீட்டர் வரை போகின்றன. ஆனால் முழு எலும்புக்கூடு ஒன்றுகூடக் கிடையாது. பெல்ஜியத்தில் 1860-களில் கிடைத்த ஒரே மீனின் 141 முதுகெலும்புக் கண்ணிகள்தாம் பெரிய சொத்து. மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அந்தக் கண்ணிகளிலும் வளையங்கள் உண்டு. எண்ணினால் 46. அந்த மீன் 46 வயதில் இறந்தது! வளையங்களின் அகலத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிறந்தபோதே அதன் நீளம் 2 மீட்டராவது இருந்திருக்க வேண்டும். ஆறரை அடி உயரமுள்ள ஆளை விடப் பெரிய குழந்தை. தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிக்காத முட்டைகளைத் தின்று அந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பெல்ஜியத்து மீனின் மிகப் பெரிய கண்ணி 15.5 சென்டிமீட்டர். டென்மார்க்கில் கிடைத்த வேறொரு மீனின் கண்ணி 23 சென்டிமீட்டர்! அதை வைத்து 24 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என்று 2025-ல் ஒரு கணிப்பு வெளிவந்தது. வெள்ளைச் சுறாவைப் போலத் தடித்த உடம்பா, அதைவிட ஒல்லியா என்பதில் விவாதம் இன்னும் சூடாக நடக்கிறது.

அதற்கு ஜுரம் பார்த்தார்கள் தெரியுமா? இனமே அழிந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டு ஆன மீனுக்கு! பல்லின் கனிமத்துக்குள் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் எவ்வளவு நெருங்கிக் கைகோத்திருக்கின்றன என்பது அந்தப் பல் உருவானபோது இருந்த சூட்டைப் பொறுத்தது. 2023-ல் அதை அளந்து பார்த்தார்கள். சுற்றியிருந்த கடலைவிட மெகலோடானின் உடம்பு சுமார் 7 டிகிரி செல்சியஸ் கதகதப்பாக இருந்திருக்கிறது. சூடான உடம்பு வேகம் தரும், குளிர்க்கடலிலும் வேட்டையாட விடும். அதே உடம்பு ஓயாமல் தீனி கேட்கும். கடல் குளிர்ந்து இரை குறைந்த காலத்தில் அந்தப் பசியே அதற்கு எமனாக வந்திருக்கும்.

பனாமாவில் ஒரு கோடி ஆண்டு பழைய படிவுகளில் மெகலோடானின் சின்னச் சின்னப் பற்களே மிகுதியாகக் கிடைத்தன. ஆழமில்லாத, இரை மிகுந்த, குட்டிகள் பத்திரமாக வளர்வதற்கேற்ற இடம் அது என்று 2010-ல் விளக்கினார்கள். அத்தனை பெரிய ராட்சதனுக்கும் தொட்டில் தேவைப்பட்டிருக்கிறது!

இன்னும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கிறதாம் என்று வாட்ஸப்பில் வரும் காணொளிகளைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். 1870-களில் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் பசிபிக் கடலடியிலிருந்து அள்ளி வந்த பற்களை வைத்து, அவை வெறும் பத்து, இருபதாயிரம் ஆண்டுதான் பழையவை என்று 1959-ல் ஒருவர் கணக்குப் போட்டது உண்மை. பல்லின்மேல் படிந்த மாங்கனீசுப் பூச்சு எவ்வளவு வேகத்தில் வளரும் என்று அவர் வைத்த அளவுகோலே பிசகு. யோசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும் பிராணி இன்று கடலில் திரிந்தால் புதுப் பல் ஒன்றாவது எந்த வலையிலாவது, எந்தக் கரையிலாவது அகப்பட்டிருக்காதா? கிடைக்காத பல்லும் சாட்சிதான்.

வெள்ளைச் சுறா மெகலோடானின் பேரன் என்ற பழைய கதையும் போயிற்று. பெரு நாட்டின் தெற்குப் பாலைவனக் கரையில், 222 பற்களும் 45 கண்ணிகளுமாக, தாடையோடு ஒரு சுறா கிடைத்தது. பல்லில் அரைகுறையாக ரம்ப விளிம்பு. வழவழப்பான பல்லுடைய மாக்கோ வகைச் சுறாக்களிலிருந்து ரம்பப் பல்லுடைய வெள்ளைச் சுறா உருவாகிக்கொண்டிருந்த நடுவழியில் அது நிற்கிறது!

ஆழ்கடல் சேற்றில் விழுந்த செதில்களுக்கும் கதை உண்டு. தலைமுடி அகலமே உள்ள அந்தக் குட்டிப் பற்களைத் தென்பசிபிக் சேற்றிலிருந்து சலித்து எடுத்து எண்ணியபோது, 1.9 கோடி ஆண்டுக்கு முன் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்திருந்தது. திறந்த கடல் சுறாக்களுக்கு ஏதோ பேரிடர் நடந்தது என்று 2021-ல் எலிசபெத் சைபர்ட்டும் லியா ரூபினும் எழுதினார்கள். இதை ஏற்காமல் வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

நம் மண்ணிலும் பல் இருக்கிறது, தெரியுமா? புதுச்சேரிப் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த மீன் எச்சங்களை, சுறாப் பற்கள் உட்பட, 1845-லேயே லண்டனில் ஃபிலிப் எகர்ட்டன் விவரித்திருக்கிறார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை இன்னும் சிறப்பு. மழைநீர் கிழித்த செம்மண்ணும் களிமண்ணுமாக, ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கும் அந்தப் பொட்டல் நிலத்தை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் அது கடலடி. அங்கே டைக்கோடஸ் என்ற சுறாவின் பற்கள் கிடைத்து, 2010-களின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டன. கூர்முனை கிடையாது, மேலே வரப்பு வரப்பாகக் கோடு போட்ட அம்மிக்கல் பல். ஓடுகளை நொறுக்கித் தின்பதற்கானது.

அந்தப் பல்லின் சொந்தக்காரன் எப்படி இருந்தான் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமலே ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழிந்தது. கடலடியில் சோம்பலாகக் கிடந்து சிப்பி பொறுக்கும் மீன் என்று படம் வரைந்தார்கள். மெக்சிகோவின் வாயெசியோ சுண்ணாம்புக் குவாரியில், முழு உடம்பும் தோல் எல்லையும் பதிந்த டைக்கோடஸ்கள் கிடைத்தன. துடுப்பை இறக்கைபோல் விரித்து நீந்திய கழுகுச் சுறா அக்விலோலாம்னாவும் அதே வட்டாரத்தில் கிடைத்ததுதான். 2024-ல் டைக்கோடஸின் உருவம் அறிவிக்கப்பட்டபோது எல்லாக் கணிப்பும் தலைகீழானது. கட்டான உடம்பு, பிறைவால், திறந்த கடலில் விரைந்து நீந்தும் வேட்டைக்காரன்! வெள்ளைச் சுறா அடங்கிய அதே வரிசையைச் சேர்ந்தது. அது துரத்தி நொறுக்கியவை கடலாமைகளாகவும் அம்மோனைட்டுகளாகவும் இருந்திருக்கும் என்கிறார்கள். அம்மோனைட்டு என்றால் வேறொன்றுமில்லை, கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்துக்குள் சுருண்டிருப்பதும் அதே குலத்து உயிர்தான். காரைக் களிமண்ணில் அம்மோனைட்டுகள் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். டைக்கோடஸின் பல்லும் அதன் தீனியும் ஒரே ஓடைக்குள் கிடக்கின்றன. அந்த அம்மோனைட்டு ஓடுகளில் எதிலாவது சுறா நொறுக்கிய தடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் வேலை, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நிலவியல் மாணவர்களுக்குப் பேருந்து தூரத்திலேயே காத்திருக்கிறது.